பேக்கப் சர்வரில் டேட்டாபேஸ் வளர்ந்துகொண்டே போகிறதா? பாக்குலா கேட்டலாக்கைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

மண்டபம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி எனக் கடலோரமாக இருக்கும் நண்டு, கணவாய் கம்பெனிகளிலும் ஐஸ் பிளாண்ட்களிலும் பேக்கப் சர்வர் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லினக்ஸ், அதன்மேல் பாக்குலா என்ற பேக்கப் மென்பொருள், அதன் கேட்டலாக்குக்குப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்ற அமைப்பை மனதில் வைத்திருக்கிறேன். பேக்கப் எடுக்கப்படும் ஒவ்வொரு கணினியும் ஒரு கிளையண்ட்; ஒருமுறை ஓடும் பேக்கப் வேலை ஒரு ஜாப்.

பேக்கப் டேட்டா சேரும் வால்யூம்கள் இருக்கும் டிஸ்க் நிரம்பினால் யாருக்கும் குழப்பம் வராது. கேட்டலாக் இருக்கும் டிஸ்க் நிரம்பும்போதுதான் போன் வரும்: "அண்ணே, டேட்டா எல்லாம் அந்தப் பெரிய டிஸ்க்லதானே இருக்கு, இது எதுக்கு வளருது?" கேட்டலாக் என்பது ஐஸ் ரூமில் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று எழுதி வைக்கும் நோட்டு மாதிரி. பெட்டியின் எடை எவ்வளவு என்பதைப் பற்றி நோட்டுக்குக் கவலையில்லை. பெட்டிக்கு ஒரு வரி. 40 ஜிபி வீடியோ ஒன்றுக்கும் ஒரு பதிவுதான், 2 கேபி எடைச்சீட்டு ஒன்றுக்கும் ஒரு பதிவுதான். அதே ஃபைலை ஒவ்வொரு ஃபுல் பேக்கப்பிலும் எடுத்தால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பதிவு. கேட்டலாக்கை வளர்ப்பது ஃபைல்களின் எண்ணிக்கை. இது மனதில் பதிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். எது வளர்கிறது என்று தெரியாமல் எதையும் அழிக்கக் கூடாது. "இடம் இல்லை" என்ற ஒரே எச்சரிக்கைக்குப் பின்னால் நான்கைந்து வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் பேக்கப்பே போய்விடும்.

படி 1: தொடுவதற்கு முன் ஒரு நகல்

கேட்டலாக் முழுவதையும் ஒரே ஃபைலாகக் கொட்டி (இதுதான் டம்ப்) வெளியே ஒரு டிஸ்க்கில் வையுங்கள். அதே டிஸ்க்கில் எடுக்காதீர்கள், மிச்சமிருக்கும் இடமும் போய்விடும். யூஎஸ்பி டிஸ்க் போதும். டம்ப்பில் இண்டெக்ஸ்களை (தேடலை வேகமாக்கும் பட்டியல்கள்) உருவாக்கும் கட்டளை மட்டும்தான் இருக்கும், அவற்றின் உள்ளடக்கம் இருக்காது. அதனால் டேட்டாபேஸை விட டம்ப் சிறியதாகவே வரும். சுருக்கி எடுத்தால் இன்னும் சிறிதாகும்.

படி 2: இடத்தைப் பிடித்திருப்பது யார்?

டிஎஃப் கட்டளையில் எந்தப் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு டியூ கட்டளையில் டைரக்டரி வாரியாகக் கணக்கெடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாமல் டிஎஃப் கூடுதலாகக் காட்டினால், அழித்த ஃபைல் ஒன்றை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும்.

டேட்டாபேஸ்தான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் பாக்குலாவின் வொர்க்கிங் டைரக்டரியைப் பாருங்கள். தினமும் இரவு ஓடும் கேட்டலாக் பேக்கப் ஜாப், முழு டேட்டாபேஸையும் ஒரு எஸ்கியூஎல் ஃபைலாக அங்கேதான் கொட்டும். ஜாப் நல்லபடியாக முடிந்தால் அதை அழித்துவிடும். நடுவில் தோற்றுப்போனால் அந்த ஃபைல் அப்படியே கிடக்கும். "திடீரென்று 6 ஜிபி ஏறிவிட்டது" என்கிற வகைப் புகார்களில் முதலில் நான் தேடுவது இதைத்தான்.

அப்புறம் போஸ்ட்கிரெஸின் டேட்டா டைரக்டரிக்குள் போங்கள். அங்கே இரண்டு எண்கள் வேண்டும்: டேபிள்கள் இருக்கும் பேஸ் டைரக்டரியின் அளவு, மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் பிஜி-வால் டைரக்டரியின் அளவு. பேஸ் பெரியதாக இருந்தால் படி 3. பிஜி-வால் பெரியதாக இருந்தால் நேராகப் படி 7.

படி 3: எந்த டேபிள்?

போஸ்ட்கிரெஸில் பிஜி டோட்டல் ரிலேஷன் சைஸ் என்ற ஃபங்ஷன் இண்டெக்ஸையும் சேர்த்து ஒவ்வொரு டேபிளின் அளவையும் தரும். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். ஃபைல் டேபிள் முதலில் வந்தால் அது இயல்பு. அதன் வேலையே அதுதான். ஃபோல்டர் பாதைகள் இருக்கும் பாத் டேபிள் இரண்டாவதாக வரலாம். பாக்குலாவின் பழைய பதிப்புகளில் ஃபைல்நேம் என்று தனி டேபிள் இருக்கும். புதியவற்றில் அது ஃபைல் டேபிளுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

வேறு ஏதாவது மேலே வந்தால்தான் கவனிக்க வேண்டும். லாக் டேபிள் பெரியதாக இருந்தால், ஏதோ ஒரு கிளையண்டில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு எச்சரிக்கை எழுதிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அனுமதிப் பிரச்சினை. ஜாப் லாக்கைத் திறந்தால் ஒரே வரி ஆயிரக்கணக்கில் வருவதைப் பார்க்கலாம். பாத் விசிபிலிட்டி, பாத் ஹையரார்க்கி இரண்டும் பெரியதாக இருந்தால், பாக்குலம் போன்ற வலைத்தளக் கருவி ஃபோல்டர் மரத்தைக் காட்டுவதற்காகச் சேர்த்து வைத்த கேச் அது. பாக்குலாவுக்குக் கட்டளை கொடுக்கும் பிகன்சோலில் பிவிஎஃப்எஸ் கிளியர் கேச் கட்டளையைக் கொடுத்தால் காலியாகும்; தேவைப்படும்போது தானே மறுபடி உருவாகும். பேக்கப்புக்கு இதனால் ஆபத்தில்லை.

படி 4: எந்தக் கிளையண்ட், எத்தனை ஃபைல்?

ஃபைல் டேபிளில் நேராக எண்ணச் சொன்னால் சின்ன சர்வர் மணிக்கணக்கில் திணறும். அதற்கு அவசியமே இல்லை. ஜாப் டேபிளில் ஜாப்ஃபைல்ஸ் என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. அந்த ஜாபில் எத்தனை ஃபைல் போனது என்ற எண். பர்ஜ்டுஃபைல்ஸ் என்ற நெடுவரிசை 0 என்று இருந்தால், அந்த ஜாபின் ஃபைல் பதிவுகள் இன்னும் கேட்டலாக்கில் இருக்கின்றன. பர்ஜ்டுஃபைல்ஸ் 0 ஆக உள்ள ஜாப்களை மட்டும் எடுத்து, கிளையண்ட் வாரியாக ஜாப்ஃபைல்ஸைக் கூட்டுங்கள். நொடியில் விடை வரும். அதையே மாத வாரியாகவும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

இந்தப் பட்டியலில் முதலிடத்தில் வருவது பெரும்பாலும் நீங்கள் நினைத்த கணினியாக இருக்காது. அக்கவுண்ட்ஸ் சர்வரில் டேட்டா அதிகம், ஃபைல் குறைவு. எடைமேடைக் கணினியில் டேட்டா சொற்பம், ஃபைல் லட்சக்கணக்கில். நண்டு, கணவாய், இறால் எனக் கரைக்கு வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு, ஒரு லேபிள், சில இடங்களில் ஒரு போட்டோ. ஏற்றுமதிக்குப் போகும் சரக்கு எங்கே பிடிபட்டது என்று காட்ட இவை வேண்டும். தூக்கி எறிய முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த ஃபோல்டரில் 4 லட்சம் சின்ன ஃபைல்கள். வாரம் ஒரு ஃபுல் பேக்கப். ஃபைல் பதிவுகளை ஒரு வருடம் வைத்திருக்கிறீர்கள். 52 வாரத்துக்கு 2 கோடியே 8 லட்சம் பதிவுகள். பதிவுக்குச் சுமார் 150 பைட் என்று வைத்தாலும் 3 ஜிபிக்கு மேல், இண்டெக்ஸ்கள் தனி. இவ்வளவும் மொத்தமே ஒரு பென்டிரைவில் அடங்குகிற டேட்டாவுக்காக.

இதற்கு இரண்டு வழி. ஃபுல் பேக்கப்பை மாதம் ஒன்றாக்கி, நடுவில் மாறியதை மட்டும் எடுக்கும் டிஃபரன்ஷியல், இன்கிரிமெண்டல் என்று வைத்தால் ஃபுல்லுக்கான பதிவுகள் 48 லட்சமாகக் குறையும். இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது: முடிந்துபோன மாதங்களின் சீட்டுகளை மாதத்துக்கு ஒரு ஜிப் ஆக்கிவிடுவது. பேக்கப்புக்கு முன்னால் ஓடும்படி கிளையண்டில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். மூன்று வருடச் சீட்டுகள் 36 ஃபைல்களாகச் சுருங்கிவிடும். பழைய சீட்டைத் தேடும் ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜிப்பைத் திறந்து தேடத் தெரியாமல் "எல்லாம் காணாமல் போச்சு" என்று அவர் பதறக் கூடாது.

கூடவே எதையெல்லாம் பேக்கப் எடுக்க வேண்டும் என்ற பட்டியலான ஃபைல்செட்டையும் ஒரு பார்வை பாருங்கள். பிரவுசர் கேச், தற்காலிக ஃபோல்டர்கள், தம்ப்நெயில் படங்கள், ஆன்டிவைரஸின் பழைய கோப்புகள் இவை பேக்கப்பில் வரவே வேண்டாம்.

படி 5: ரிட்டென்ஷன், தடைக்காலம்

இந்தக் கடற்கரையில் வேலை செய்பவர்கள் மற்ற எதையும் விட இதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

பாக்குலாவில் ஃபைல் பதிவு, ஜாப் பதிவு, வால்யூம் என்று மூன்றுக்கும் தனித்தனி ஆயுட்காலம் உண்டு; அதற்குத்தான் ரிட்டென்ஷன் என்று பெயர். ஃபைல் ரிட்டென்ஷன், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 60 நாள். ஜாப் ரிட்டென்ஷன் 180 நாள். வால்யூம் ரிட்டென்ஷன் 365 நாள். காலம் முடிந்த பதிவுகளை நீக்கும் வேலைக்கு ப்ரூன் என்று பெயர். ஆட்டோப்ரூன் இயல்பாகவே ஆனில் இருக்கும். ஆனால் அது எப்போது நடக்கும்? ஒரு ஜாப் நல்லபடியாக முடிந்த பிறகு, அந்த ஜாபின் கிளையண்டுக்கு மட்டும்.

இதிலிருந்து முதல் சிக்கல் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் தூக்கிப் போட்ட கணினிக்கு இனி ஜாப் ஓடப்போவதில்லை; அதனால் அதன் பதிவுகளுக்கு ஆட்டோப்ரூனும் கிடையாது. அப்படியே கிடக்கும். படி 4 பட்டியலில் இப்போது இல்லாத கணினியின் பெயர் வந்தால் காரணம் இதுதான். பிகன்சோலில் அந்தக் கிளையண்டைத் தேர்ந்தெடுத்து ப்ரூன் ஃபைல்ஸ் கொடுங்கள். கான்ஃபிக் ஃபைலிலிருந்து கிளையண்டை ஏற்கெனவே நீக்கிவிட்டீர்கள் என்றால் பட்டியலில் அது வராது. வரையறையைத் தற்காலிகமாகத் திரும்பச் சேர்த்து, ரீலோட் செய்து, ப்ரூன் முடித்து, பிறகு நீக்குங்கள்.

இரண்டாவது சிக்கல் நமக்கே உரியது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இறங்குதளத்துக் கணினிகளையும் எடைமேடைக் கணினிகளையும் பலர் அப்போது அணைத்து வைத்துவிடுவார்கள். 60 நாள் ரிட்டென்ஷன், 61 நாள் தடை. தடைக்காலம் முடிகிற நேரத்தில் அந்தக் கிளையண்டின் ஃபைல் பதிவுகள் அனைத்தும் காலாவதி ஆகியிருக்கும். ஜாப் ஓடாததால் நீங்காமல் கேட்டலாக்கில் இருக்கும். ஜூன் 15 அன்று கணினியைப் போட்டு முதல் ஜாப் முடிந்ததும் ஆட்டோப்ரூன் அத்தனையையும் ஒரே மூச்சில் நீக்கும். பல லட்சம் பதிவுகள் ஒரே இரவில் நீங்குவதால் சர்வர் இழுக்கும். அதைவிட மோசம், மார்ச் மாதச் சீட்டு ஒன்று வேண்டும் என்று மறுநாள் யாராவது கேட்டால், ஃபைல் பெயரைத் தேர்ந்தெடுத்து மீட்க முடியாது. டேட்டா வால்யூமில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் முழு ஜாபையும் மீட்க வேண்டும், இல்லையென்றால் பிஸ்கேன் கருவியால் வால்யூமைப் படித்துப் பதிவுகளைத் திரும்ப உருவாக்க வேண்டும். இரண்டுமே நேரம் தின்னும்.

அதனால் தடைக்காலத்தில் அணைத்து வைக்கும் கணினிகளுக்கு ஃபைல் ரிட்டென்ஷனை 4 மாதத்துக்குக் குறையாமல் வையுங்கள். ஜிப் வேலையைச் செய்திருந்தால் இதனால் கேட்டலாக் பெரிதாக வளராது. எல்லாக் கிளையண்டுக்கும் ஒரே எண் வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

எண்ணை மாற்றும்போது இரண்டு இடத்தில் கை வழுக்கும். வால்யூம்களின் தொகுப்பான பூலில் ஃபைல் ரிட்டென்ஷன் கொடுத்திருந்தால் கிளையண்டில் கொடுத்ததை அது மீறிவிடும். வால்யூம் ரிட்டென்ஷனைப் பூலில் மாற்றினால் இனி உருவாகும் வால்யூம்களுக்குத்தான் பொருந்தும். பழையவற்றுக்கு அப்டேட் வால்யூம் கட்டளையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். வால்யூம் ரிட்டென்ஷன் மற்ற இரண்டையும் விடக் குறைவாக இருக்கக் கூடாது. வால்யூம் காலாவதியாகும்போது அதிலுள்ள ஜாப், ஃபைல் பதிவுகளும் சேர்ந்தே போய்விடும்.

பர்ஜ் கட்டளையைப் பற்றி: ப்ரூன் ரிட்டென்ஷனை மதிக்கும், பர்ஜ் மதிக்காது. இடம் வேண்டும் என்ற அவசரத்தில் பர்ஜ் அடிக்காதீர்கள்.

படி 6: ப்ரூன் செய்தும் இடம் குறையவில்லையே?

குறையாது. போஸ்ட்கிரெஸில் நீக்கிய பதிவு அந்த நொடியே டிஸ்க்கை விட்டுப் போவதில்லை. செத்த பதிவாக டேபிளுக்குள் கிடக்கும். வாக்யூம் என்ற சுத்தம் செய்யும் வேலை ஓடும்போது அந்த இடம் "மறுபடி பயன்படுத்தலாம்" என்று குறிக்கப்படும். டேபிள் ஃபைலின் அளவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அடுத்த பேக்கப்பின் பதிவுகள் அந்தக் காலி இடத்தில் உட்காரும். அளவு குறையவில்லை என்றாலும் ஏறாமல் நின்றுவிட்டதா என்று பாருங்கள். நின்றுவிட்டால் சிகிச்சை பலித்துவிட்டது, மேற்கொண்டு எதுவும் வேண்டாம்.

ஏறிக்கொண்டே போனால் வாக்யூம் சரியாக வேலை செய்யவில்லை. பிஜி ஸ்டாட் யூசர் டேபிள்ஸ் காட்சியில் செத்த பதிவுகளின் எண்ணிக்கையும், ஆட்டோவாக்யூம் கடைசியாக ஓடிய நேரமும் இருக்கும். இயல்பான அமைப்பில் டேபிளின் 20 சதவீதம் செத்த பிறகுதான் ஆட்டோவாக்யூம் எழும். 2 கோடி பதிவுள்ள டேபிளுக்கு அது 40 லட்சம். ஃபைல் டேபிளுக்கு மட்டும் அந்த சதவீதத்தைச் சொல்லும் ஸ்கேல் ஃபேக்டரை 0.02 ஆக, அதாவது 2 சதவீதமாகக் குறைத்து வையுங்கள்.

ஆட்டோவாக்யூம் ஓடியும் செத்த பதிவுகள் குறையாவிட்டால், யாரோ ஒரு டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் "ஐடில் இன் டிரான்சாக்ஷன்" என்று நாள்கணக்கில் நிற்கும் இணைப்பைத் தேடுங்கள். அது தொடங்கியதற்குப் பிறகு செத்த எதையும் போஸ்ட்கிரெஸ் துடைக்காது. இணைப்பு எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்று பார்த்து, அதை முடித்துவையுங்கள்.

ஒருமுறை பெரிய சுத்தம் செய்துவிட்டு, அந்த இடம் டிஸ்க்குக்கே திரும்ப வேண்டும் என்றால் வாக்யூம் ஃபுல். டேபிள் முழுவதையும் புதிதாக எழுதும். அதனால் புது டேபிளும் அதன் இண்டெக்ஸ்களும் உட்காரும் அளவுக்குக் காலி இடம் முதலில் வேண்டும். ஓடி முடியும்வரை டேபிள் பூட்டப்பட்டிருக்கும், எந்த ஜாபும் ஓட முடியாது. டிஸ்க் நிரம்பிய பிறகு இது கைகொடுக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல் எச்சரிக்கை, மின்வெட்டு என்று இருக்கும் நாட்களில் இதைத் தொடாமல், மே மாதத்தில், தடைக்காலத்தின் நடுவில் செய்வதுதான் புத்திசாலித்தனம். இண்டெக்ஸ் மட்டும் ஊதியிருந்தால், போஸ்ட்கிரெஸ் 12 முதல் டேபிளைப் பூட்டாமலே ரீஇண்டெக்ஸ் கன்கரண்ட்லி செய்யலாம்.

ப்ரூனுக்குப் பிறகு யாருக்கும் சொந்தமில்லாத பாத் பதிவுகளும் மிஞ்சும். அதற்கு டிபிசெக் கருவி. ஜாப் எதுவும் ஓடாத நேரத்தில், முதலில் திருத்தும் தேர்வைக் கொடுக்காமல் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். சில ஆயிரம் என்றால் விட்டுவிடலாம்.

படி 7: பிஜி-வால் ஊதினால்

இங்கே இருப்பவை டபிள்யூஏஎல் ஃபைல்கள், ஒவ்வொன்றும் 16 எம்பி. பார்க்க லாக் போலத் தெரிவதால் கையால் அழித்துவிடத் தோன்றும். அழித்தால் டேட்டாபேஸ் எழுந்திருக்காமலே போகலாம்.

இவை தேங்குவதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. இந்த ஃபைல்களை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டிருக்கும்: நகல் போய்ச் சேரும் டிஸ்க் நிரம்பியிருக்கும், அல்லது மதுரை அலுவலகத்துக்குப் போகும் இணைய இணைப்பு அறுந்திருக்கும். நகல் போகும்வரை போஸ்ட்கிரெஸ் பழைய ஃபைலை விடாது. அல்லது, எப்போதோ மாற்றாக வைத்திருந்த ஸ்டாண்ட்பை சர்வரை எடுத்துவிட்டு, அதற்காக இந்த ஃபைல்களைப் பிடித்து வைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை நீக்க மறந்திருப்பார்கள். பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ் காட்சியில் ஆக்டிவ் இல்லாத ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்து, தேவையில்லை என்று உறுதியானால் நீக்குங்கள். காரணத்தைச் சரிசெய்து ஒரு செக்பாயிண்ட் கொடுத்தால் இடம் தானாகத் திரும்பும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் உள்ள பதிப்புகளில் ஸ்லாட் எவ்வளவு தேக்கலாம் என்று உச்சவரம்பு வைக்கும் வசதியும் உண்டு.

படி 8: மின்வெட்டு விட்டுச்சென்ற மிச்சம்

டேட்டாபேஸின் மொத்த அளவு ஒன்று சொல்லும். டேபிள்களின் அளவைக் கூட்டினால் அதைவிட நிறையக் குறைவாக வரும். வாக்யூம் ஃபுல் ஓடும்போது கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தாங்காமல் சர்வர் அணைந்தால் இப்படி ஆகலாம். பழைய டேபிள் பத்திரமாக இருக்கும். பாதி எழுதிய புது ஃபைல்கள் யாரும் உரிமை கோராமல் டைரக்டரியில் தங்கிவிடும். எண்ணைப் பெயராகக் கொண்ட அந்த ஃபைல்களில் எது அனாதை என்று ஊகித்து அழிப்பது நெருப்போடு விளையாட்டு. டம்ப் எடுத்து, புது டேட்டாபேஸில் ஏற்றி, சரிபார்த்த பிறகு பழையதை நீக்குவதே பாதுகாப்பான வழி.

டிஸ்க் 100 சதவீதம் ஆகிவிட்டால்

முதலில் புது ஜாப்கள் தொடங்காதபடி, ஜாப்களை நடத்தும் பாக்குலா டைரக்டர் சர்வீஸை நிறுத்துங்கள். போஸ்ட்கிரெஸைக் கில் மைனஸ் 9 போட்டுக் கொல்லாதீர்கள். படி 2-இல் சொன்ன பழைய எஸ்கியூஎல் டம்ப், சிஸ்டம் ஜர்னல், பழைய லாக், பேக்கேஜ் கேச் என்று டேட்டாபேஸுக்கு வெளியே இருப்பதைக் காலி செய்யுங்கள். இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் வழக்கமாக 5 சதவீதம் ரூட்டுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். அதை 1 ஆகக் குறைத்தால் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைக்கும். பிறகு போஸ்ட்கிரெஸ் நின்றுபோயிருந்தால் அதைத் தொடங்கி, படி 3-லிருந்து போங்கள்.

இனி வராமலிருக்க, 2 ஜிபி இடத்தை நிஜமாகவே பிடிக்கும் டம்மி ஃபைல் ஒன்றை அந்த டிஸ்க்கில் போட்டு வையுங்கள். அவசரத்தில் அதை அழித்தாலே வேலை செய்ய இடம் வந்துவிடும்.

படி 9: தினமும் ஒரு வரி

ஃபைல் டேபிளின் அளவு, செத்த பதிவுகள், பிஜி-வால் அளவு, டிஸ்க்கில் மிச்சம் இந்த நான்கையும் தினமும் காலையில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேர்க்கும்படி, குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலை ஒன்று போடுங்கள். படிக்கும்போது கடலையும் சேர்த்துப் படியுங்கள். வாரத்தில் விசைப்படகு போகும் நாள், நாட்டுப்படகு போகும் நாள் என்று சரக்கு வரவு மாறும். இன்கிரிமெண்டலும் அதன்படி ஏறி இறங்கும். வேலைநிறுத்தம், புயல் எச்சரிக்கை நாட்களில் தட்டையாகும். ஜூன் நடுவில் செங்குத்தாக ஏறும். படகு போகாத வாரத்தில் கோடு ஏறினால்தான் தேட வேண்டும்.

சுத்தம் முடிந்த அன்றே ஒரு ரெஸ்டோர் செய்து பாருங்கள். நேற்றைய ஃபைல் ஒன்று, மூன்று மாதம் முந்தையது ஒன்று, ஜிப்புக்குள் போன சீட்டு ஒன்று. மூன்றையும் வேறொரு ஃபோல்டருக்கு மீட்டுத் திறந்து பாருங்கள். அப்புறம், கேட்டலாக் பேக்கப் ஜாபில் ரைட் பூட்ஸ்ட்ராப் வரி இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டலாக்கே போய்விட்டால் அது எந்த வால்யூமில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வது அந்தச் சின்ன ஃபைல்தான். அதையும் கேட்டலாக் டம்ப்பையும் கடற்கரையிலேயே வைக்காமல் பரமக்குடியிலோ மதுரையிலோ ஒரு கணினிக்கு தினமும் அனுப்புங்கள். வால்யூம்களுக்கும் அங்கே ஒரு நகல் இருக்கட்டும்.